பிங்கோ மண்டபத்துக்கு எவ்வளவு காசோடு போகலாம்?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகளிடம் போகிறேன். மகளின் மாமியார் கிழமையில் இரண்டு நாள் பிங்கோ மண்டபத்துக்குப் போகிறவ. என்னையும் கூட்டிக்கொண்டு போகப்போறாவாம். எனக்குச் சூது பழக்கமில்லை. வெல்ல ஏதும் வழி இருக்கிறதா? எவ்வளவு காசு கொண்டுபோகலாம்? (கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி)

பதில்: பள்ளிக்கூடக் கானிவேலில் தம்போலா விளையாடியிருப்பீர்கள். லண்டன் பிங்கோவும் அதுதான். அட்டையில் மூன்று வரி, ஒன்பது நிரல், மொத்தம் 15 எண்கள். 1 முதல் 90 வரை எண்களைக் கூப்பிடுவார்கள். முதலில் ஒரு வரி, பிறகு இரண்டு வரி, கடைசியில் முழு அட்டை என்று பரிசு.

வெல்ல வழி கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எந்த எண் வரும் என்பதில் உங்களுக்கும் சம்பந்திக்கும் ஒரு பிடியும் கிடையாது. 600 அட்டை விற்ற ஆட்டத்தில் ஆறு அட்டை வைத்திருப்பவருக்கு முழு அட்டைப் பரிசு கிடைக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. பன்னிரண்டு வாங்கினால் வாய்ப்பு இரட்டிப்பாகும், செலவும் இரட்டிப்பாகும். போட்ட ஒரு பவுண்ஸுக்குத் திரும்பி வருவது சராசரியில் அதேதான். கனக்க அட்டை வாங்குகிறவர் அடிக்கடி வெல்வதைப் பார்த்து "அவவுக்குக் கைராசி" என்பார்கள். அவ எவ்வளவு போட்டா என்பதை யாரும் எண்ணுவதில்லை.

உங்கள் கையில் இருப்பது விலை மட்டும்தான். அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பரிசுத் தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்ட ஆட்டம் என்றால், கூட்டம் குறைந்த நாள் உங்களுக்கு நல்லது. அதே பரிசுக்குப் போட்டி குறைவு. விற்ற காசில் ஒரு பங்கைத்தான் பரிசாகக் கொடுக்கிறார்கள் என்றால், ஆள் குறைந்தாலும் கூடினாலும் ஒன்றுதான், பரிசும் கூடவே சுருங்கும். எந்த ஆட்டம் எந்த வகை என்று சம்பந்தியிடமே கேளுங்கள். வருடக்கணக்காகப் போகிறவர்களுக்கும் இது தெரியாமல் இருப்பதுண்டு.

அட்டைகளை ஆறு ஆறாக ஒரே தாளில் தருவார்கள். அந்த ஆறில் 1 முதல் 90 வரை எல்லா எண்ணும் ஒரேயொரு தடவை இருக்கும். அதனால் கூப்பிட்ட எண் உங்கள் தாளில் எங்கேயோ கட்டாயம் உண்டு. கண்ணில் படவில்லை என்றால் நீங்கள்தான் விட்டுவிட்டீர்கள். முதல் நாள் ஒரு தாள் போதும், அதுவே வேகமாகத்தான் இருக்கும். அட்டை நிரம்பினால் கூச்சப்படாமல் உடனே சத்தம் போடுங்கள். அடுத்த எண்ணைக் கூப்பிட்ட பிறகு கை தூக்கினால் பெரும்பாலான மண்டபங்களில் பரிசு இல்லை. நம்மவர்கள் பலர் சத்தம் போட வெட்கப்பட்டே கோட்டை விடுவார்கள்.

இனிக் காசு. பிரதான ஆட்டத்தில் போவது கணக்குத் தெரிந்த காசு, வாசலில் தாள் வாங்கும்போதே முடிந்துவிடும். ஆபத்து இடைவேளையில் இருக்கிறது. இருக்கும் மேசையிலேயே காசு போட்டு விளையாடும் குறுகிய ஆட்டங்கள் வரும், ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடத்தில் முடியும். சுவரோரம் ஸ்லொட் இயந்திரங்கள் மின்னும். தேநீர் குடிக்க எழுந்தவர் நாலு தடவை சில்லறை மாற்றிவிட்டு வருவார். இரண்டு மணித்தியாலம் விளையாடிய தாளின் விலையைவிட இருபது நிமிட இடைவேளை கூடக் கேட்கும். இடைவேளையில் வெளியே காற்று வாங்கப் போங்கள்.

20 பவுண்ஸ் அங்கே சின்னக் காசு மாதிரித் தெரியும். நம் காசில் எட்டாயிரம் ரூபாய் மட்டில். படம் பார்க்கப் போனால் ரிக்கற்றுக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கமாட்டோம் அல்லவா, அப்படிப் போனாலும் மனம் நோகாத தொகையை மட்டும் தாள் காசாக எடுங்கள். வங்கி அட்டையை மகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஏதும் வென்றால் அதை வேறு உறையில் போட்டு மூடுங்கள், அதில் அன்றைக்குக் கை வைக்கக் கூடாது. அப்புறம், கையில் தரும் மின்திரைக் கருவியை வாங்க வேண்டாம். அது பத்துப் பன்னிரண்டு தாளைத் தானே அடையாளமிடும், கண்ணுக்கும் சுகம்தான். ஆனால் தாளில் ஆறோடு நிற்கிறவரும் திரையில் அறுபதுக்குப் போய்விடுவார்.

கேள்வி: பிங்கோவுக்கும் லொத்தருக்கும் பொருந்தும் "கணித முறை" என்று வட்ஸப்பில் 7,500 ரூபாய்க்கு ஒரு பாடம் விற்கிறார்கள். டிப்பெற் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்ததாம். வாங்கலாமா? (சுன்னாகம்)

பதில்: வேண்டாம். டிப்பெற் உண்மையான பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர். 1927இல் தற்செயல் எண்களின் அட்டவணை ஒன்றை வெளியிட்டவர். ஒழுங்கே இல்லாத எண்களைத் தொகுத்த மனிதரின் பெயரில் ஒழுங்கு விற்கிறார்கள்!

அந்தப் பாடத்தில் சொல்வது இதுதான்: வட அமெரிக்காவில் விளையாடும் 75 எண் பிங்கோவில் ஆட்டம் நீள நீள 38ஐ ஒட்டிய எண்கள் கூட வருமாம். வருகிற எண்களின் சராசரி 38ஐ நெருங்கும் என்பது சரி. ஆனால் 1உம் 75உம் வந்தாலும் சராசரி 38தான். கூடைக்குள் இருக்கும் எந்தப் பந்துக்கும் வெளியே வரும் வாய்ப்பு ஒன்றே. பாடம் விற்கிறவருக்கு அந்த முறை வேலை செய்தால் அவர் ஏன் 7,500 ரூபாய்க்கு நம் பின்னால் திரிகிறார்?

கேள்வி: இணையப் பிங்கோ ஒன்றில் எனக்கு மூன்றரை இலட்சம் விழுந்திருக்கிறதாம். வரியாக முதலில் 12,500 ரூபாய் வைப்பிலிடச் சொல்கிறார்கள். (சாவகச்சேரி)

பதில்: ஒரு சதமும் அனுப்பாதீர்கள். உண்மையான பரிசில் வரி இருந்தால் பரிசில் கழித்துத்தான் தருவார்கள். வங்கிக் கணக்கு விபரமோ தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கமோ ஏற்கனவே கொடுத்திருந்தால், இன்றைக்கே வங்கிக்கு அறிவித்துவிட்டுப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். செய்திகளை அழிக்க வேண்டாம்.

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தங்கை பிங்கோவுக்குப் போகத் தொடங்கி இரண்டு வருடம். இப்போது சீட்டுக் காசையும் அதற்கே போடுகிறாள். "பெரிய பரிசு கிட்ட வந்து வந்து போகுது அக்கா" என்கிறாள். என்ன சொல்வது? (மானிப்பாய்)

பதில்: அந்தக் "கிட்ட வந்தது" என்ற பேச்சில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். அங்கே விளையாடுவது 75 எண் ஆட்டம். ஐந்துக்கு ஐந்து கட்டம், நடுக்கட்டம் இலவசம், மிச்சம் 24 எண்கள். பெரிய பரிசு பெரும்பாலும் குறிப்பிட்ட அளவு எண்கள் கூப்பிடுவதற்குள் முழு அட்டையையும் நிரப்பினால்தான். ஐம்பது எண் கூப்பிடுவதற்குள் ஓர் அட்டை நிரம்ப இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு இலட்சத்துப் பன்னிரண்டாயிரத்தில் ஒன்று. இரண்டு எண் குறைய நின்றுபோவது அதைவிடப் பல மடங்கு கூடுதலாக நடக்கும், அடுத்த ஆட்டத்துக்கு அதில் ஒரு சேதியும் இல்லை. அவள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இந்த வருமானத்தில் ஒரு பகுதி தர்ம அமைப்புகளுக்குப் போகிறது. நல்ல காரியம்தான், ஆனால் அதுவும் விளையாடுகிறவர் போட்ட காசிலிருந்துதான் போகிறது.

சீட்டுக் காசு வேறொருவரின் முறைக்குப் போக வேண்டிய காசு. அதைத் தொட்டால் உறவும் முறியும். அவளுக்குப் புத்தி சொல்லாதீர்கள், கணக்குக் கேளுங்கள். மூன்று மாத வங்கி அறிக்கையை எடுத்து மண்டபத்தில் கழிந்ததைக் கூட்டிப் பார்க்கட்டும். தானே விலகியிருக்கப் பெயர் பதிகிற ஏற்பாடு ஒன்ராறியோவில் உண்டு, பதிந்தால் உள்ளே விடமாட்டார்கள். 1-866-531-2600 என்ற கனெக்ஸ் ஒன்ராறியோ உதவி இலக்கத்தில் இலவசமாக, இரகசியமாகப் பேசலாம். நீங்கள் இங்கிருந்து காசு அனுப்பிக் கடனை அடைக்க வேண்டாம். அடைத்தால் அவளுக்கு விளையாட இன்னும் காசு கிடைக்கும். இங்கே யாருக்காவது இதே சிக்கல் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

கேள்வி: பழைய மாணவர் சங்கத் தம்போலாவில் மச்சாளும் நானும் பாதிப் பாதி போட்டு 200 ரூபாய் அட்டை பத்து வாங்கினோம். அவள் பிடித்த அட்டைக்கு 25,000 ரூபாய் விழுந்தது. "என் கையில் இருந்தது, என் காசு" என்கிறாள். பாதி எனக்கு வரவேண்டாமா? (குருநகர்)

பதில்: சேர்ந்து காசு போட்டதற்குச் சாட்சி இருந்தால் பாதி கேட்பது நியாயம். ஆனால் ஏற்பாட்டாளர்கள் அட்டை வைத்திருந்தவரிடம் காசைக் கொடுத்ததில் பிழை சொல்ல முடியாது. அவர்களை இழுக்காமல் உங்களுக்குள் பேசுங்கள். அவள் மாட்டேன் என்றால், போட்ட 1,000 ரூபாயையாவது வாங்கிக்கொண்டு விடுங்கள், 12,500 ரூபாய்க்காகக் கலியாணவீடுகளில் முகம் திருப்ப வேண்டாம். அடுத்த முறை அட்டை வாங்கும்போதே, எதில் விழுந்தாலும் பாதி என்று மூன்றாவது ஆள் முன்னால் சொல்லி, அட்டைகளின் பின்னால் இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள்.

ஒரு விடயம் இருக்கட்டும். அந்த மாதிரி நிகழ்வில் 200 ரூபாய் அட்டை 300 விற்றால் 60,000 வரும். பரிசு மொத்தம் 36,000 என்றால் உங்கள் 200 ரூபாயில் 120தான் ஆட்டத்துக்கு, 80 சங்கத்துக்கு. சங்கத்துக்கு எவ்வளவு சேர்ந்தது என்று கேட்க அட்டை வாங்கிய எவருக்கும் உரிமை உண்டு. கேளுங்கள்.