பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை மாட்டிப் பாருங்கள்

கேள்வி: என் காரின் முன்பக்க இடது மூலை இன்னொரு வண்டியில் மோதிவிட்டது. பானெட், இடது ஃபெண்டர், பம்பர், ஹெட்லைட் நான்கையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். கம்பெனி பார்ட் வர ஆறு வாரம் ஆகுமாம். தனக்குத் தெரிந்த ஒருவரிடம் 'அதே தரத்தில்' பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். நம்பி வாங்கலாமா? இல்லை, செகண்ட் ஹேண்டில் தேடட்டுமா?

பதில்: 'அதே தரம்' என்ற பேச்சை முதலில் ஓரமாக வையுங்கள். உங்கள் கவலைக்கு மூன்று ரகம் தெரிந்தால் போதும். கார் கம்பெனி தன் பெயரில் விற்பது ஒன்று. வேறொரு நிறுவனம் ஒரிஜினலைப் பார்த்து அளவெடுத்துத் தானே செய்து விற்பது இன்னொன்று. ஓடிய காரிலிருந்து கழற்றிய ஒரிஜினல் மூன்றாவது. இரண்டாவது ரகம் எல்லாமே மட்டம் என்று நான் சொல்லவில்லை. அவற்றைச் சோதித்துச் சான்று தருவதற்கென்றே அமெரிக்காவில் 1987 முதல் காப்பா என்ற அமைப்பு இருக்கிறது. சான்று இருந்தால் விற்பவரே அதை முதலில் காட்டுவார். காட்டாமல் 'அதே தரம்தான் சார், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்' என்று மட்டும் சொன்னால், கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விலை பேசுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சேஸிஸ் நம்பரில் 17 எழுத்தும் எண்ணும் இருக்கும். அதைக் கம்பெனி பார்ட்ஸ் கவுன்ட்டரில் கொடுத்து, நான்கு பாகங்களுக்கும் பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள். செல்போனில் தட்டும்போது பூஜ்யத்தை 'ஓ' என்று போட்டுவிடாதீர்கள். குழப்பம் வரக்கூடாது என்றுதான் சேஸிஸ் நம்பரில் ஐ, ஓ, க்யூ மூன்றையும் வைக்கவே இல்லை. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் பம்பர் இரண்டு மூன்று விதமாக வரும். ஒன்றில் பார்க்கிங் சென்சாருக்கு ஓட்டை இருக்கும், ஒன்றில் இருக்காது. 'இந்த மாடலுக்கு எல்லாம் ஒன்றுதான்' என்பவரிடம் வாங்காதீர்கள்.

இனி உங்கள் நான்கு பாகங்கள். ஃபெண்டருக்கும் பானெட்டுக்கும் என் முதல் தேர்வு கழற்றிய ஒரிஜினல்தான். இரண்டும் போல்ட்டில் நிற்பவை, வெட்டி ஒட்டும் வேலை கிடையாது. வாங்கும்போது ஓரத்தில் தகடு மடங்கியிருக்கும் இடத்தை விரலால் தடவுங்கள். துரு முதலில் அங்கேதான் கிளம்பும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி மேலே நகர்த்துங்கள். ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். (அலுமினிய பானெட்டில் காந்தம் ஒட்டவே ஒட்டாது.) உங்கள் காரின் நிறத்திலேயே கிடைக்கிறதே என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இரண்டு கார்களும் வேறு வேறு வெயிலில் நின்றவை. பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியும், எப்படியும் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும்.

ஹெட்லைட்டுக்கு ஒரிஜினல்தான், புதிதோ பழையதோ. பழையதாக இருந்தால் விளக்கைக் காரில் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் காதுகள் எல்லாம் முழுசாக இருக்கின்றனவா, உள்ளே ஈரம் கோத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நாட்டிலிருந்து வந்த விளக்கில் இன்னொரு வில்லங்கம் உண்டு. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கும் வலப்பக்கத்துக்கானதும் வெளிச்சத்தை வேறு வேறு பக்கம் சாய்த்து அடிக்கும். மாற்றிப் போட்டால் எதிரே வருபவருக்குக் கண் கூசும். விளக்கில், வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து உள்ள முத்திரைக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. குறி இல்லாவிட்டால் வலப்பக்கத்துக்கானது. இரண்டு பக்கமும் முனை உள்ள அம்பு என்றால் இரண்டுக்கும் சரி. ஒரு பிளாஸ்டிக் காது உடைந்ததற்கு விளக்கையே முழுசாக வாங்க வைக்கும் கம்பெனிகள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அந்தக் காதை மட்டும் தனியே விற்கிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் விளக்குக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

பம்பர் என்று நாம் சொல்வது மேலே தெரியும் பிளாஸ்டிக் உறையை. அடியை வாங்கிக்கொள்வது அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்பான்ஜ் மாதிரியான கட்டையும் உலோகக் குறுக்குச் சட்டமும். உங்கள் பட்டியலில் இரண்டுமே இல்லை. கண்ணுக்குத் தெரியாததால் விட்டுவிடுகிறார்கள். உறையைக் கழற்றியதும் கூப்பிடச் சொல்லி நேரில் போய்ப் பாருங்கள். சட்டம் வளைந்திருந்தால் சூடாக்கி நிமிர்த்த விடாதீர்கள். இப்போது பல கார்களில் அது மிக உறுதியான எஃகு, சூடு பட்டால் அந்த உறுதி போய்விடும். இந்த இரண்டுக்கும் கம்பெனி பார்ட் மட்டும்தான்.

உறை மட்டும் வெளி நிறுவனத்துடையதாக இருக்கலாம். ஆனால் முன்னால் போகும் வண்டியைக் கவனித்துத் தானே பிரேக் போடும் வசதி உங்கள் காரில் இருந்தால் கதையே வேறு. அதற்கான ரேடார் பல கார்களில் முன்பக்கக் கம்பெனி சின்னத்துக்குப் பின்னால் அல்லது உறைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். புதிய ரேடார்கள் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன. அந்த அலையின் நீளம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. எதிரே இருக்கும் பிளாஸ்டிக் கொஞ்சம் தடித்தாலும், பெயிண்டை இரண்டு கோட் கூடுதலாக அடித்தாலும், பட்டி பூசினாலும் அதன் பார்வை மங்கலாம், திசை விலகலாம். சின்னமும் அப்படித்தான். ரேடார் உள்ள காரின் சின்னம் அலை ஊடுருவுவதற்கென்றே செய்தது. அதே மாதிரி பளபளக்கும் மலிவுச் சின்னத்தை ஒட்டினால் ரேடாரின் கண்ணைக் கட்டியது போலாகும். பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், எச்சரிக்கை விளக்கு எப்போதும் எரியும் என்றும் சொல்ல முடியாது. அதனால் ரேடார் இருந்தால் உறையும் சின்னமும் கம்பெனியுடையது, வேலை முடிந்ததும் ரேடாரை மறுபடி அளவு சரிசெய்து அதற்கான ரிப்போர்ட். 'லைட் எதுவும் எரியவில்லையே சார்' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

அப்புறம், தலைப்பில் சொன்னது. போன மாதம் ஒருவர் பெயிண்ட் அடித்து முடித்த காரைக் கொண்டுவந்து காட்டினார். ஃபெண்டருக்கும் கதவுக்கும் நடுவே மேலே விரல் நுழையும் இடைவெளி, கீழே ஒரு அட்டைகூட நுழையவில்லை. கழற்றிப் பார்த்தால் போல்ட் ஓட்டைகளை அரத்தால் ராவி நீளமாக்கியிருந்தார்கள். ராவிய விளிம்பில் பெயிண்ட் இல்லை, பழுப்பு நிறத் துரு ஏறத் தொடங்கியிருந்தது. விற்றவரோ பெயிண்ட் பட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பெயிண்ட் அடிக்காமல் ஒருமுறை மாட்டி, இடைவெளியைப் பார்த்துவிட்டுக் கழற்ற அரை நாள் ஆகியிருக்கும். அந்த அரை நாளை ஒர்க்‌ஷாப்காரரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். 'பொருந்தாவிட்டால் திரும்ப எடுப்பேன்' என்று பில்லிலேயே எழுதித் தராத ஆளுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

அந்தத் 'தெரிந்தவர்' பெரும்பாலும் கடைக்காரராக இருக்க மாட்டார், நடுவில் நிற்பவராக இருப்பார். அவருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் கமிஷன் உண்டு, அது உங்கள் விலையில்தான் இருக்கிறது. கமிஷன் வாங்கட்டும். ஆனால் பில்லில் பார்ட் நம்பரும், மூன்றில் எந்த ரகம் என்பதும் இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் எஸ்டிமேட்டிலும் இதையே கேளுங்கள். 'பம்பர் மாற்றம்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் திருப்பி அனுப்பி ரகத்தை எழுதச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை எழுத இவர்களுக்கு என்ன தயக்கமோ, எத்தனை வருடமாகச் சொல்லியும் மாறவில்லை.

ஏர்பேக் விரிந்ததாக நீங்கள் எழுதவில்லை. விரிந்திருந்தால் அதில் செகண்ட் ஹேண்டும் வேண்டாம், வெளிச்சரக்கும் வேண்டாம். போலி ஏர்பேக்குகளைப் பற்றி அமெரிக்க அரசு 2012லேயே எச்சரித்திருக்கிறது.

ஆறு வாரம் காத்திருக்க வேண்டுமா என்றால், பம்பருக்குப் பின்னால் உள்ளவற்றுக்கும், ரேடார் இருந்தால் உறைக்கும் சின்னத்துக்கும் காத்திருங்கள். மற்றவை அதற்குள் கிடைத்துவிடும். அதுவரை உடைந்த பழைய பாகங்களை எடைக்குப் போட விடாதீர்கள். கிளிப், பிராக்கெட், பழைய ஹெட்லைட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் ஸ்டிக்கர் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. கார் கைக்கு வரும்வரை ஒரு சாக்கில் கட்டி, மேலே உங்கள் வண்டி நம்பரை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.