சேற்றுக்கு அடி இருக்கிறதா?

(போன இதழ்க் கேள்வி-பதிலில், இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் மழையோடு ட்ரயல் பைக் பயிற்சிக்குப் போகிறேன், பின் டயருக்கு 4 பி.எஸ்.ஐ. காற்று வைத்திருக்கிறேன் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். இந்தப் பக்கம் முழுக்க அதற்கு வந்த கடிதங்கள்தான்.)

கே: மோட்டோகிராஸ் பார்த்திருக்கிறேன். ட்ரயல் என்பது என்ன? காய்ந்த தரையை விட்டுச் சேற்றில் போய் ஏன் பழகுகிறீர்கள்?
- ஒரு வாசகர், மன்னார்குடி

ப: மோட்டோகிராஸில் முந்தி வருபவர் ஜெயிப்பார். ட்ரயலில் முந்துவதற்குப் பக்கத்தில் ஆளே இருக்காது, ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். ஓடை, பாறை, மேடு, மரவேர் என்று கொஞ்ச தூரத்துக்குக் கொடி நட்டு ஒரு பாதை வகுத்திருப்பார்கள். அதற்கு செக்‌ஷன் என்று பெயர். காலை ஊன்றாமல் கடந்தால் 0. ஒரு தடவை ஊன்றினால் 1, இரண்டு தடவை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, கொடிக்கு வெளியே போனாலோ, எங்கள் கிளப் விதிப்படி வண்டி நின்றே போனாலோ 5. புள்ளி குறைந்தவர் ஜெயித்தவர். வண்டிக்கு சீட் கிடையாது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். எடை 70 கிலோவை ஒட்டி வரும்.

சேறு ஏன் என்றால், இந்த விளையாட்டு வளர்ந்ததே மழை ஊர்களில்தான். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமைச் சுற்றி மே மாதம் நடக்கும் ‘ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரயல்’ 1911-லிருந்து ஆறு நாள் போட்டி. சதுப்பும் ஓடையும் இல்லாத நாள் அதில் கிடையாது. மழை விடட்டும் என்று இங்கே காத்திருந்தால் அக்டோபரில் வண்டியை மூடிவைத்து ஏப்ரலில்தான் எடுக்க வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர் போனது ஸ்கிப்டனுக்கு மேலே ஓர் ஆட்டுப் பண்ணைக்கு. மூன்று நாள் விடாத மழை. ஓடைத் தண்ணீர் காபி டிகாஷன் நிறத்தில் ஓடியது. மேட்டு நிலத்துப் பீட் மண் (பாதி மக்கிய செடிகொடிகள் சேர்ந்த மண்) ஊறினால் அந்த நிறம்தான். வண்டியைத் தொடுமுன் பாதையை நடந்து பார்ப்பது வழக்கம். எங்களோடு வரும் 71 வயதுப் பெரியவர் நடக்கும்போது பூட்ஸ் குதிகாலைச் சேற்றில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. நடவு வயலில் டிராக்டரை இறக்குமுன் அவரும் இப்படித்தான் காலை விட்டுப் பார்ப்பார். சேற்றுக்கு அடி இருக்கிறதா என்று.

அடி இருக்கிற சேறு பயமில்லை. டயர் குழம்பை வெட்டி இறங்கிக் கெட்டித் தரையைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் போனவர் தடத்திலேயே போகலாம். பீட் அப்படியில்லை. மேலே புல்வேர் பின்னிய தோல் ஒன்று இருக்கும், தாங்குவது அதுதான். ஒரு வண்டி அதைக் கிழித்துவிட்டால் அடுத்த வண்டிக்குக் கீழே ஒன்றும் இல்லை. அங்கே பழைய தடத்தை விட்டு ஓர் அடி தள்ளித்தான் போக வேண்டும்.

பத்தரை மணிக்கு நான் தடத்திலேயே போய்விட்டேன். பின் மட்கார்டு வரை உள்ளே இறங்கிவிட்டது. நேராகத் தூக்கினால் வராது, சேறு உறிஞ்சிப் பிடிக்கும். வண்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தோம். குழிக்குள் காற்று புகும்போது ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் முன் சக்கரத்தைப் பிடித்து இருவர் இழுத்தால் போதும். வயலில் புதைந்த காலைக் குதிகாலைத் திருப்பி எடுப்போமே, அதே கணக்குதான்.

கே: 4 பி.எஸ்.ஐ. என்பது அச்சுப் பிழைதானே? என் பைக்கின் பின் டயருக்கு நான் 33 வைக்கிறேன்.
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

ப: பிழையில்லை. பின்னால் 4, முன்னால் 6. பெட்ரோல் பங்க் மீட்டரில் இதை அளக்க முடியாது, குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் வைத்திருக்கிறோம். டயர் கட்டைவிரலுக்கே அமுங்கும். கல்மேல் ஏறும்போது கல்லைச் சுற்றி உள்ளங்கை மாதிரி கவ்வுவது அதனால்தான். ரோட்டில் தயவுசெய்து இதை முயல வேண்டாம், திருப்பத்தில் டயர் நெளிந்து ஆளைக் கீழே தள்ளிவிடும்.

டயரின் பட்டன்கள் சதுரமாக, நெருக்கமாக இருக்கும். அவற்றின் விளிம்புதான் பிடிப்பு. ஒரு பக்க விளிம்பு மழுங்கிவிட்டால் டயரைக் கழற்றித் திருப்பி மாட்டுவோம், அடுத்த பக்கத்துக் கூர் கிடைக்கும். ஆனால் களிமண் இடுக்குகளை நிரப்பிவிட்டால் எந்தக் கூரும் உதவாது. அதனால் செக்‌ஷனுக்குள் நுழையுமுன் சக்கரத்தை ஒரு முறை வேகமாகச் சுழற்றி மண்ணை உதறிவிட வேண்டும்.

டயரை விடப் பெரிய விஷயம் வலது கை. ஓடையிலிருந்து ஏறும் களிமண் கரை, அதன் பாதியில் குறுக்கே ஒரு மரவேர், பட்டை உரிந்து சோப்புக்கட்டி மாதிரி. எட்டு முறை அங்கே வழுக்கினேன். பின் சக்கரம் சுழலத் தொடங்கினால் கை தானாக இன்னும் முறுக்குகிறது. முறுக்க முறுக்கச் சக்கரம் வேரை மெருகேற்றுகிறது. பெரியவர் ஒன்றுதான் சொன்னார்: “செகண்ட் கியர் போடு. வேகத்தைக் கீழேயே சேர்த்துக்கொள். வேருக்கு ஒரு அடி முன்னால் த்ராட்டிலை (ஆக்ஸிலேட்டரை) விடு.” ஒன்பதாவது முறை அப்படியே செய்தேன். இன்ஜின் சத்தம் தணிந்தது, முழங்கால் மடங்கியது, வண்டி வேரை நேர்குறுக்காகத் தாண்டி உருண்டு போயிற்று. மேலே நின்று திரும்பிப் பார்த்தபோது கை நடுங்கியது. அந்த மூன்று விநாடிக்காக இன்னொரு நாள் முழுக்க நனையத் தயார்.

கே: பெண்கள் ஓட்டுகிறார்களா, அண்ணா?
- ஒரு கல்லூரி மாணவி, கரூர்

ப: தாராளமாக ஓட்டுகிறார்கள், தங்கச்சி. ஸ்பெயினின் லாயா சான்ஸ் பெண்கள் ட்ரயலில் 14 முறை உலகச் சாம்பியன். 2015 டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பந்தயத்தில் ஆண்களோடு போட்டியிட்டு பைக் பிரிவில் ஒன்பதாவதாக வந்தவரும் அவர்தான். உயரம், பலம் இரண்டையும் விட நிதானத்துக்குத்தான் இங்கே மதிப்பு. மெதுவாகச் சைக்கிளை நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள், காலை ஊன்றாமல். முதல் பாடம் அதுதான்.

கே: எங்கள் கரிசல் காட்டில் ஒரு மழை பெய்தால் போதும், மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரமே சுற்றாது. உங்கள் செகண்ட் கியர் வித்தை உதவுமா?
- ஒரு விவசாயி, விளாத்திகுளம்

ப: உதவாது ஐயா. எங்கள் வண்டியில் மட்கார்டு டயரை விட்டு நன்றாகத் தள்ளி உயரத்தில் இருக்கும், மண் விழுந்துவிடும். உங்கள் வண்டியில் அந்த இடைவெளி இல்லை. முறுக்கினால் கிளட்ச் பிளேட்தான் கருகும். மாட்டிக்கொண்டால் ஒரு குச்சியால் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, பாதையோரம் புல் இருக்கும் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வாருங்கள். மழை பெய்த அன்றைக்கு வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டுக் காட்டுக்கு நடந்து போய்விடுவதுதான் நல்லது.