பள்ளிக் கடிதம் வீடு போய்ச் சேர

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் அருகே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். பள்ளிச் செய்திகளை மாதாமாதம் கடிதமாக எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். ஆனாலும் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, கேட்ட நகல்கள் சொன்ன தேதியில் வந்து சேருவதில்லை. எப்படி எழுதினால் படிப்பார்கள்?

பதில்: எழுத்தைத் திருத்துவதற்கு முன்னால் கிழமையைத் திருத்துங்கள். உங்கள் பக்கம் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேர்கின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு கடலில் என்றால், புதன் மாலை நீங்கள் போட்ட செய்தி சிக்னல் இல்லாத இடத்தில் கிடக்கும். கரைக்கு வந்ததும் மீன் இறக்க வேண்டும், ஏலம் பார்க்க வேண்டும். அதற்குள் குழுவில் 'காலை வணக்கம்' படங்கள் நாற்பது வந்து உங்கள் செய்தியை மேலே தள்ளியிருக்கும். விசைப்படகுக் குடும்பங்கள் அதிகம் என்றால் வியாழன் மதியம் கடிதம் கொடுங்கள். அன்று இரவு அப்பா வீட்டில் இருப்பார், வெள்ளியும் இருப்பார். நாட்டுப்படகு ஊரில் இந்தக் கணக்கு தலைகீழ். எந்தெந்த நாள் என்று உங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அம்மாக்களின் கணக்கு வேறு. கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்கு அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய நாட்கள்தான் வேலை நாட்கள். அந்த நாளில் பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு அக்கறை இல்லை என்று குறைப்பட்டுக்கொள்வது நியாயமில்லை. கூட்டத் தேதி குறிக்கும்போது பக்கத்தில் நாள்காட்டி இருக்கட்டும். வெள்ளிக்கிழமை கூட்டம் என்றால் ஜும்மா நேரத்தைத் தவிர்த்து மூன்று மணிக்கு மேல் வையுங்கள்.

இனிக் கடிதம். ஏ4 தாளில் பாதி போதும், ஒரு பக்கம் மட்டும். எழுத்து அளவு 16-க்குக் குறைய வேண்டாம். சாயங்கால வெளிச்சத்தில் பாட்டியும் படிக்க வேண்டும். நான்கு செய்திக்கு மேல் போனால் எதுவுமே நிற்காது. பெற்றோர் செய்ய வேண்டியது முதலில், நடந்து முடிந்த விழா கடைசியில். பெரும்பாலான கடிதங்கள் இதை மாற்றிப் போட்டுத்தான் கெடுகின்றன. சுதந்திர தின விழாவுக்கு யார் யார் வந்தார்கள் என்பதில் முக்கால் பக்கம் போய், ஆதார் முகாம் அடியில் ஒரு வரியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த ஒரு வரியும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "மாணவர்களின் ஆதார் புதுப்பித்தல் தொடர்பான உரிய ஆவணங்களைக் காலதாமதமின்றிச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." யார், என்றைக்கு, எதைக் கொண்டுவருவது? ஒன்றுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டுக்கு: வருகிற வியாழன் காலை 10 மணிக்கு ஆதார் அட்டையோடு பள்ளிக்கு வாருங்கள். பிள்ளையின் கைரேகை எடுக்க ஆள் வருகிறார்கள். காசு கிடையாது. அம்மா வர முடியாவிட்டால் பாட்டியோ சித்தியோ வரலாம். யாருமே வர முடியாது என்றால் புதனுக்குள் டீச்சரிடம் சொல்லுங்கள்." ஐந்து வயதானதும் கைரேகை பதிய வேண்டும், ஏழு வயதுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை என்ற காரணத்தையும் ஒரு வரி சேர்த்தால், வேலையை விட்டுவிட்டு வருவதற்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

படிப்பைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். எண்ணும் எழுத்தும் (வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் அரசுத் திட்டம்) வகுப்பில் பிள்ளை 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் எழுதி அனுப்பினால், பல வீடுகளில் அதை ரேங்க் என்று எடுத்துக்கொண்டு அரும்புப் பிள்ளையைத் திட்டுவார்கள். நிலையின் பெயரை விட்டுவிட்டு, பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும், அடுத்து என்ன என்று எழுதுங்கள்: "எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்கிறாள்; சேர்த்து வாசிக்கப் பழகுகிறாள். ராத்திரி ஐந்து நிமிடம் கடைப் பலகை, படகில் எழுதிய பெயர், எதையாவது வாசிக்கச் சொல்லுங்கள்." இது அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் போகும் தனிச் சீட்டு. மதிப்பெண், வராத பிள்ளைகளின் பெயர் இரண்டையும் குழுவில் போடவே கூடாது. ஒருமுறை போட்டால் அந்த வீட்டார் குழுவை விட்டே விலகிவிடுவார்கள்.

காலை உணவு பரிமாறும் நேரத்தை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுங்கள், தெரிந்ததுதானே என்று விட வேண்டாம். விடியலில் ஏலக்கூடத்துக்குப் போகிற அம்மாவுக்கு நீங்கள் அனுப்பும் தகவல்களில் அன்றாடம் உதவுவது இதுதான்.

மார்ச் கடிதம் தனி ரகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளிகள் சிலர் குடும்பத்தோடு வெளியூர் வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஆண்டுத் தேர்வு நேரமும் ஒன்றாக வருகின்றன. சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்ச விடிலியில் (பனங்காட்டுக் குடிசையில்) போய்த் தங்குகிற வீடுகளுக்கும் இதே சிக்கல். தேர்வுத் தேதி தெரிந்த அன்றே எழுதி அனுப்புங்கள். "வெளியூர் போவதாக இருந்தால் என்றைக்கு, எந்த ஊருக்கு?" என்று கேட்டு அடியில் கிழித்துத் தரும் சீட்டு வையுங்கள். ஜூனில் வராத பிள்ளையைத் தேட அந்தச் சீட்டுதான் உதவும்.

ஒரு வீட்டுக்கு ஒரு தாள் போதும். அந்த வீட்டின் மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். கொடுக்கும் முன் கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளையே உரக்க வாசிக்க வையுங்கள். தாள் தண்ணீரில் நனைந்தாலும் செய்தி வாய்வழியாக வீடு போகும். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வேண்டாம், பலர் திறப்பதே இல்லை. கடிதத்தின் படமும், நீங்களே பேசிப் பதிந்த ஒரு நிமிடக் குரல் செய்தியும் போதும். குழுவில் அட்மின் மட்டுமே எழுத முடியும்படி மாற்றிவிடுங்கள்.

கிழித்துத் தரும் சீட்டு வைத்த கடிதம் என்றால், மறுநாள் திரும்பி வந்த சீட்டுகளை வகுப்புவாரியாக எண்ணுங்கள். ஒரு வகுப்பில் மட்டும் பாதிக்குக் கீழே வந்தால் அந்த வகுப்பில் தாள் கொடுத்தார்களா என்று முதலில் பாருங்கள். எல்லா வகுப்பிலும் குறைந்தால் கிழமை பொருந்தவில்லை என்று பொருள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விடுமுறைச் செய்தியைக் கடிதத்தோடு கலக்காதீர்கள். ஆட்சியர் அறிவிப்பு வந்த பிறகு, தேதியும் கிழமையும் சேர்த்து ஒரே வரியில் போடுங்கள். "நாளை விடுமுறை" என்று மட்டும் எழுதினால், போன வாரத்துச் செய்தியை யாராவது மறுபடி பகிர்ந்து, பள்ளி உள்ள நாளிலும் பாதிப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள்.