உணவுப் பொருள் இணைய வணிகத்தில் நம்பிக்கையை வளர்க்கப் பல நாட்டு ஆராய்ச்சிக் கூட்டுத் திட்டங்கள் உதவுகின்றனவா, இல்லை அறிக்கையோடு முடிந்துவிடுகின்றனவா?

கேட்ட தோரணையைப் பார்த்தால், இப்படி ஒரு திட்டத்தில் சேரச் சொல்லி உங்கள் நிறுவனத்துக்கும் கடிதம் வந்திருக்கும், மேலாளர் அதை உங்கள் தலையில் கட்டியிருப்பார் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள்.

உதவுகின்றன. ஆனால் திட்டக்காரர்கள் விளம்பரப்படுத்துகிற இடத்தில் அல்ல.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலக்கடலைப் பருப்பை மொத்தமாக ஏற்றுமதி செய்கிற நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வாங்குபவர்களில் பெரும்பாலோரை இணையச் சந்தை வழியாகத்தான் தெரியும், முகம் பார்த்ததில்லை. அங்கே பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய ஒரு திட்டம் எங்களையும் இழுத்துக்கொண்டது. தளத்தில் என்னென்ன இருந்தால் வாங்குபவர் நம்புவார் என்று நீண்ட கேள்வித்தாள் கொடுத்தார்கள். சான்றிதழைப் பதிவேற்ற இடம், நம்பிக்கை முத்திரை, நட்சத்திர மதிப்பீடு, ஆலையின் வீடியோ, இப்படிப் போகும். எது முக்கியம் என்று வரிசைப்படுத்த வேண்டும். செய்தோம்.

இதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம். டார்பியும் கார்னியும் 1973-ல் எழுதிய ஒரு பொருளாதாரக் கட்டுரை, வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரத்தை நம்மால் சொல்ல முடியாத பொருள்கள் உண்டு என்கிறது. எங்கள் சரக்கு அந்த ரகம். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு பருப்பில் இருந்தால் நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர் மூட்டை கிழியாமல் வந்ததற்கும் சரக்கு சொன்ன தேதியில் வந்ததற்கும்தான் கொடுக்கிறார். அவருக்கு வேறு என்ன தெரியும்?

திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு லாட் (ஒரே தொகுதியாக அனுப்பிய சரக்கு) தகராறில் மாட்டியது. ஐரோப்பாவில் நேரடியாகச் சாப்பிடும் நிலக்கடலையில் மொத்த அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம். எங்கள் லேப் ரிப்போர்ட் மூன்றரையைச் சொன்னது. வாங்கியவர் பக்கத்து லேப் ஒன்பதுக்கு மேல் சொன்னது. இரண்டு லேப்களுக்கும் ஐஎஸ்ஓ 17025 என்ற சோதனைக்கூடங்களுக்கான சர்வதேசத் தர அங்கீகாரம் உண்டு. வாங்கியவர் எங்களைப் பொய்யர்கள் என்று தளத்தில் எழுதினார். எங்கள் முதலாளியோ, விலையைக் குறைக்க அங்கே வேண்டுமென்றே எண்ணைக் கூட்டிக் காட்டுகிறார்கள் என்று அறையே அதிரக் கத்தினார். தளத்தில் எங்கள் நிறுவனப் பக்கத்தில் நம்பிக்கை முத்திரை பச்சையாக மின்னிக்கொண்டேதான் இருந்தது.

திட்டத்தில் இருந்த ஒரு வேதியியல் பேராசிரியை இதைக் கேள்விப்பட்டு, தன் கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டுக் களத்தில் இறங்கினார். மாதிரியைத் தண்ணீர் சேர்த்துக் கூழாக அரைத்து, அதே கூழை இரண்டாகப் பிரித்து இரண்டு லேப்புக்கும் அனுப்பச் சொன்னார். எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. ஆக, லேப்களில் கோளாறு இல்லை, மாதிரி எடுத்த விதத்தில்தான் விஷயம். இந்த நச்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒன்றிரண்டில் மட்டும் குவிந்து கிடக்கும். அந்த ஒன்று உங்கள் கைப்பிடியில் விழுந்தால் எண் எகிறும், விழாவிட்டால் சரக்கு சுத்தம் என்று வரும். அதனால்தான் ஐரோப்பிய விதி, பெரிய லாட்டில் 100 இடங்களில் எடுத்து மொத்தம் 20 கிலோ சேர்க்கச் சொல்கிறது. துறைமுகத்தில் இறக்கியவர்கள் கன்டெய்னர் வாசலில் கிடந்த சில மூட்டைகளோடு நிறுத்தியிருந்தார்கள். விதிப்படி மறுபடி எடுத்தபோது ஆறு வந்தது.

நாங்கள் ஜெயித்தோம் என்று சொல்ல வரவில்லை. ஆறும் வரம்புக்கு மேல்தான். தரம் பிரித்துச் சுத்தம் செய்த பிறகு பயன்படுத்தும் சரக்குக்கு அங்கே 15 வரை அனுமதி உண்டு, அந்த வகையில் விலை குறைத்துப் போனது. ஆனால் எதிராளி ஏமாற்றவில்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தது. வாங்கியவர் எழுதியதை நீக்கினார், இன்றும் எங்களிடம் வாங்குகிறார். கப்பலேறும் முன் யார், எத்தனை இடத்தில், எப்படி மாதிரி எடுப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தால் விளைந்த நம்பிக்கை அந்த ஒரு பக்கம்தான். திட்டத்தின் இறுதி அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை!

இரண்டு லேப் எண்கள் முட்டிக்கொள்வது எங்களுக்கு மட்டும் நடந்த விசித்திரமும் இல்லை. எங்களுக்கு மாதிரி எடுத்த விதம் காரணம், அது சரியாக இருந்தாலும் அளப்பதிலேயே வேறுபாடு வரும். வில்லியம் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஆய்வக ஒப்பீடுகளை அலசி 1980-ல் ஒரு விஷயத்தைக் காட்டினார். அளக்கும் பொருளின் செறிவு நூறு மடங்கு குறைந்தால், ஒழுங்காக வேலை செய்யும் லேப்களுக்கு இடையேயான வேறுபாடு, சதவீதக் கணக்கில், ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கிலோவுக்குச் சில மைக்ரோகிராம் என்ற அளவில் இரண்டு நாட்டு எண்கள் முட்டிக்கொள்வது சகஜம். இதை ஒரு நாட்டுக்குள் உட்கார்ந்து தீர்க்க முடியாது. 2017-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் தொடங்கிய ஈயூ-சைனா-சேஃப் என்ற ஐரோப்பிய ஒன்றிய-சீன உணவுப் பாதுகாப்புத் திட்டம், இரண்டு பக்க ஆய்வகங்களும் ஒருவர் முடிவை ஒருவர் ஏற்கும் நிலைக்கு வர வேண்டும் என்பதை ஒரு முக்கிய வேலையாகவே எடுத்துக்கொண்டது. பல நாட்டுக் கூட்டு தேவைப்படுவது இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

"பிளாக்செயின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். (பதிந்ததைப் பிறகு யாரும் எளிதில் மாற்ற முடியாத, பலர் பகிர்ந்துகொள்ளும் மின்னணுப் பதிவேடு அது.) வாருங்கள். அமெரிக்கக் கடைச் சங்கிலியான வால்மார்ட், கணினி நிறுவனமான ஐபிஎம்மோடு சேர்ந்து அதை வைத்துச் செய்த சோதனையில், ஒரு மாம்பழப் பொட்டலம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் நேரம் ஏழு நாளிலிருந்து 2.2 விநாடியாகக் குறைந்தது. அருமையான விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே ஏற்றிய தகவல் பொய்யென்றால் பொய்யும் 2.2 விநாடியில் வரும். 2013-ல் ஐரோப்பாவை உலுக்கிய குதிரை இறைச்சி மோசடியில் பொட்டலத்து லேபிள் மாட்டிறைச்சி என்றே சொன்னது. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் டிஎன்ஏ சோதனை செய்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த லாட் விற்றதற்கு விற்பனைப் பிரிவுக்கு ஊக்கத்தொகை வந்தது. திரும்பி வரும் என்ற நிலை வந்தபோது விளக்கக் கடிதம் கேட்டது எங்களிடம். எந்த நிறுவனத்தில் பார்த்தாலும் இதே கதை. கன்டெய்னரில் சீல் வைத்த பிறகு "சார், ஒரு கையெழுத்து" என்று வருவார்கள், மறுத்தால் வேலையைக் கெடுப்பவன் என்ற பெயர். நம்பிக்கை பற்றிக் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் ஒருமுறை இதையும் கேட்டுப் பார்க்கலாம். (அவர்கள் எங்களை வைத்து எழுதிய கட்டுரையைப் படிக்க நான் பணம் கட்ட வேண்டும் என்பது தனி வயிற்றெரிச்சல்.)

எல்லாத் திட்டமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சிறு உற்பத்தியாளர்களுக்கு 20 கிலோ மாதிரி, வெளிநாட்டு லேப் என்பதெல்லாம் கட்டுப்படியாகாது என்ற வாதமும் நியாயமே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்களுக்குக் கடிதம் வந்திருந்தால், பதில் போடுவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். கூட்டாளிகளில் உங்கள் சரக்கைச் சோதிக்கிற ஆய்வகம் இருக்கிறதா? வாங்குபவர் நாட்டு ஆய்வகமும் அதே மாதிரியைச் சோதிக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் முதலாளியிடம் சண்டை போட்டாவது சேருங்கள். இல்லை என்றால் கேள்வித்தாளை மட்டும் நிரப்பி அனுப்பிவிடுங்கள், அரை மணி நேரம்தான் ஆகும்.