காசை மீட்டுத் தருகிறேன் என்று பேசியவருக்குத் தொகை எப்படித் தெரியும்?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். கணவர் கட்டாரில் வேலை. இரண்டு கிழமைக்கு முன் தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு மெசேஜ் வந்தது. பார்சல் வந்திருக்கிறது, விலாசம் பிழை, 95 ரூபாய் கட்டினால் வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்று இருந்தது. அவர்தான் பிள்ளைகளுக்கு ஏதோ அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து லிங்கை அழுத்தி, காட் இலக்கம், வங்கியிலிருந்து போனுக்கு வந்த ஓடிபி இரகசிய இலக்கம் எல்லாம் கொடுத்துவிட்டேன். 62,000 ரூபாய் போய்விட்டது. வெட்கத்தில் வங்கிக்கும் சொல்லவில்லை, அவருக்கும் சொல்லவில்லை. இப்போது மத்திய வங்கியிலிருந்து என்று ஒருவர் பேசுகிறார். போன தொகையைச் சரியாகச் சொல்கிறார். 7,500 ரூபாய் கட்டினால் முழுவதையும் எடுத்துத் தருவாராம். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம் தங்கச்சி. உங்களுக்கு அன்றே போனில் சொல்லிவிட்டேன். இதே அழைப்பு வேறு வீடுகளுக்கும் வரும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

காசு போனதை நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. வங்கிக்கே தெரியாது. அப்படியிருக்க 62,000 என்ற கணக்கு அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? எடுத்தவனுக்குத் தெரியும், அல்லது எடுத்தவனிடமிருந்து உங்கள் விபரத்தை வாங்கியவனுக்குத் தெரியும். தொகையைச் சரியாகச் சொன்னதால்தான் நம்பினேன் என்றீர்கள். அவரைச் சந்தேகிக்க வேண்டிய காரணமே அதுதான். மத்திய வங்கி தனி ஆட்களுக்குக் கணக்கு வைத்திருப்பதில்லை, போன் எடுத்துக் காசு கேட்பதுமில்லை.

முதல் மெசேஜை உங்கள் போனில் பார்த்தேன். லிங்கின் தொடக்கத்தில் தபாலின் பெயர் இருந்தது, அதை நம்பிவிட்டீர்கள். பார்க்க வேண்டியது அந்த இடமல்ல. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் (/) சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் அரச திணைக்களங்களின் இணையத்தளம் ‘கவ் டொட் எல்கே’ (gov.lk) என்று முடியும். உங்களுக்கு வந்தது வேறு ஏதோவாக முடிந்தது. அனுப்பியவரின் பெயரையும் போலியாகப் போடலாம் என்பதால், உண்மையான மெசேஜ்கள் வரும் அதே வரிசையிலேயே பொய்யும் வந்து உட்காரும்.

அதைவிட என்னை வருத்தியது ஓடிபி மெசேஜ். அதில் இலக்கம் மட்டும் இருக்கவில்லை. 62,000 என்ற தொகையும், கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுக் கடையின் பெயரும் அதிலேயே இருந்தன. அவசரத்தில் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துத் தட்டிவிட்டீர்கள். பல வங்கிகள் இப்படித்தான் அனுப்புகின்றன. அதனால் ஓடிபி வந்தால் முழு வரியையும் வாசியுங்கள். 95 ரூபாய்க்கு வந்த ஓடிபியில் 95 என்றுதான் இருக்க வேண்டும். போனில் கேட்கிறவருக்கு அதை வாசித்துக் காட்டவே கூடாது, அவர் வங்கி முகாமையாளர் என்று சொன்னாலும் சரி.

இனிச் செய்ய வேண்டியது. காட்டின் பின்பக்கத்தில் இருக்கும் இலக்கத்துக்கு நீங்களே அழைத்துக் காட்டை நிறுத்துங்கள். அந்த ஆள் தந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம். பிறகு கிளைக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். பொலிஸிலும் பதியுங்கள். மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள். வங்கியின் பதில் திருப்தியில்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935இல் சொல்லலாம். இணைய மோசடி பற்றி, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101இல் சொல்லலாம். முறைப்பாடு செய்ய எங்கேயும் காசு கட்டத் தேவையில்லை.

பொய்யான நம்பிக்கை தர மனமில்லை. ஓடிபியை நாமே கொடுத்த பிறகு காசைத் திரும்ப எடுப்பது கஷ்டம். முதல் மணித்தியாலத்திலேயே சொன்னால் சில நேரம் தடுக்கலாம். இரண்டு கிழமை தாமதித்தது அதனால்தான் எனக்கு நெஞ்சைச் சுடுகிறது. ஏமாற்றியவன் வெட்கப்படவில்லை, நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்? ஆரையம்பதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இப்படித்தான் மகளுக்குப் பயந்து மறைத்தார். அந்த இடைவெளியில் அவரிடம் இரண்டு தடவை எடுத்தார்கள்.

இனி கட்டாரிலிருந்து வரும் காசை காட் உள்ள கணக்கில் வைக்காதீர்கள். காட்டும் ஒன்லைன் வசதியும் இல்லாத புத்தகக் கணக்கு ஒன்று திறந்து அதில் போடச் சொல்லுங்கள். மாதச் செலவுக்குரியதை மட்டும் காட் கணக்குக்கு மாற்றுங்கள். காட்டில் இணையக் கொடுப்பனவு எல்லையைக் குறைத்துத் தரும்படியும் கிளையில் கேளுங்கள்.

இன்றிரவு உங்கள் கணவர் கோல் எடுக்கும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரும் இலக்கமும் மோசடிக்காரர்கள் கையில் இருக்கின்றன. உங்கள் பெயரில் அவருக்கும் ஒரு மெசேஜ் போகலாம், பிள்ளைக்கு வருத்தம், ஆஸ்பத்திரிக்கு உடனே காசு போடுங்கள் என்று. உங்கள் குரலைக் கேட்காமல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.