தாத்தாவுடன் நடக்கும்போது குழந்தை ஏன் குச்சியைக் குதிரை என்கிறது?

ஒரு பொருளை வேறொன்றாகக் கருதி ஆடுவதே பாவனை விளையாட்டு. பெரும்பாலான குழந்தைகளிடம் இது ஏறத்தாழ 18 மாதம் முதல் 2 வயதுக்குள் தலைகாட்டுகிறது. கண்முன் இல்லாத குதிரையை வெறுமனே நினைப்பது சிறு குழந்தைக்குக் கடினம் என்பதால், அந்த நினைப்புக்குப் பிடிமானமாக ஒரு குச்சி தேவைப்படுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி விளக்கினார். கொடி படரக் கொம்பு வேண்டியிருப்பதைப் போன்றது அது.

நடைபாதையில் கூழாங்கல், உதிர்ந்த இலை, தேங்கிய மழைநீர் எனப் பிடிமானங்களுக்குக் குறைவில்லை. தேங்கிய நீரைக் கடல் என்று பேத்தி சொன்னதும், அவசரமின்றி உடன் நடக்கும் தாத்தா திருத்த முற்படாமல் “கப்பல் எப்போது வரும்?” என்று கேட்டால் (இதைவிடப் பெரிய உதவி இல்லை என்பேன்), அவள் ஓர் இலையை மிதக்கவிட்டுக் கதையை வளர்த்துக்கொண்டே போவாள்.

இதைப் பொய் சொல்லும் பழக்கம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஆனால் குச்சிக் குதிரைக்குப் புல் ஊட்டும் குழந்தை, அது குச்சிதான் என்பதை அறிந்தேதான் ஊட்டுகிறது.