கோப்பை நிறைய இருக்கிறது, ஃபார்ம் 3 இருக்கிறதா?

பையன் அடுத்து என்ன படிக்கலாம் என்று ஆலோசனை கேட்டு, பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா தக்காளி போடுகிறவர், கொஞ்சம் மல்பெரியும் உண்டு, பட்டுக்கூடு விற்கிற பணத்தில்தான் வீடு ஓடுகிறது. பையன் பி.ஏ. மூன்றாம் ஆண்டு, கபடியில் பல்கலைக்கழக அணி வரை ஆடியவன். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தாய்மாமனும் கூட வந்திருந்தார், கையில் பெங்களூர் தனியார் கல்லூரி ஒன்றின் வழவழப்பான புத்தகம். விளையாட்டு மேலாண்மையில் எம்.பி.ஏ., இரண்டு வருடத்துக்கு 8 லட்சம், விடுதிக் கட்டணம் தனி. "பிளேயரா வரலைன்னா என்ன சார், டீம் மேனேஜரா வருவான்" என்றார். அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. கிளம்புகிற நேரத்தில் மட்டும், "புரோ கபடிக்கு எடுத்துடுவாங்கன்னு ஊரே சொல்லுச்சே சார், ஏன் எடுக்கல? எங்க புள்ளைகிட்ட என்ன குறை?" என்று கேட்டார்.

அப்போது பாதிதான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி அரூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வேறு வேறு விளையாட்டின் பேரில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

பையனிடம் குறை ஒன்றுமில்லை, நேரம் வரும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பலாம்தான். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2014-ல் தொடங்கிய புரோ கபடியில் இப்போது 12 அணிகள். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர், ஆக நாடு முழுக்க மொத்தமே 300 இடம். அதிலும் பெரும்பகுதி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்கள் கையில், அரியானா பையன்கள் ஒரு பக்கம், ஈரானிலிருந்து வருகிறவர்கள் இன்னொரு பக்கம். ஏலத்தில் கடைசிப் பிரிவுக்கே அடிப்படை விலை 9 லட்சம் என்று கேட்டு ஊரில் வாய் பிளக்கிறோம். அது ஒரு சீசனுக்கான பணம், ஏலப் பட்டியலில் பேர் இருந்தும் விலை போகாமல் திரும்புகிறவர்கள் நிறைய என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பெண் பிள்ளையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், 2016-ல் மகளிருக்கு ஒரே ஒரு முறை சோதனையாக நடத்தினார்கள், அந்தப் போட்டி அதோடு சரி.

திறமை எங்கே நின்றுபோகிறது என்பதையும் பார்க்கவேண்டும். நம் பக்கத்துப் பையன்கள் ஆடிப் பழகுவது மண் தரையில். பொங்கல் சமயத்தில் ஊருக்கு ஊர் நைட் மேட்ச், கிலோ செட் (எடை வரம்பு வைத்து அணி) போட்டு ஆடுவார்கள், ஜெயித்தால் ரொக்கமும் ஆளுயரக் கோப்பையும். அங்கே கொடிகட்டிப் பறக்கிறவனை ஷூ போட்டு மேட் என்கிற செயற்கை விரிப்பில் இறக்கினால் முதல் மாதம் கால் பேசாது, மண்ணில் சறுக்கித் தப்பிக்கிற வித்தை அந்த மேட் மேல் எடுபடாது. மேட் பழக வேண்டிய 17, 18 வயதில் அவன் நம் ஊர் டோர்னமெண்டில் வாரத்துக்கு ஒரு கோப்பை வாங்கிக்கொண்டிருப்பான். தட்டிக்கொடுக்க ஆயிரம் பேர், எடை, ஓய்வு, சாப்பாடு என்று கணக்கு வைக்க ஒருத்தர் கிடையாது.

அப்புறம் முழங்கால். இந்தப் பையனுக்கும் அதுதான் கதை. இரண்டாம் ஆண்டில் ஒரு மேட்சில் கால் திருகியது, வீங்கியது, எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருக்கிறது என்றதும் எல்லோருக்கும் நிம்மதி, வண்டி பிடித்துப் போய்ப் புத்தூர் கட்டு போட்டு வந்தார்கள். ஜவ்வு கிழிந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். நேராக நடந்தால் வலி இருக்காது, ஓடக்கூட முடியும், சட்டென்று திரும்பும்போதுதான் கால் கழன்றது போல நழுவும். பையன்கள் ஏ.சி.எல். என்று பேசிக்கொள்வது இதைத்தான். அறுவை சிகிச்சை செய்து முறையாகப் பயிற்சி எடுத்தாலே களத்துக்குத் திரும்ப 9 மாதம் ஆகும். இவன் அந்தக் காலோடு இன்னொரு சீசன் ஆடியிருக்கிறான், ஊர் மானம் என்று சித்தப்பா சொன்னதற்காக.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சாபமும் இல்லை. அமெரிக்காவில் கிரெக் ஓடன் என்று ஒருவர், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர். 2007-ல் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார், உலகமே கொண்டாடும் கெவின் டுரான்ட் அவருக்கு அடுத்துத்தான். முழங்கால் ஓடனை விடவில்லை. மொத்தம் 105 ஆட்டத்தோடு அவருடைய என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. அத்தனை பணமும் மருத்துவமும் இருக்கிற இடத்திலேயே இப்படி என்றால் நாம் யாரைக் குறை சொல்ல? ஆனால் எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் அதற்குப் பின்னால் அவர் செய்தது. அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய், அணியில் மாணவர் உதவியாளராக வேலை பார்த்தபடி, பாதியில் விட்ட பட்டத்தை 2019-ல் முடித்தார். 2022-ல் இன்னொரு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து நிர்வாகப் பொறுப்புக்குப் போனார்.

மாமன் உடனே கிரிக்கெட் வீரர் நடராஜனை இழுத்தார், எல்லா மாமன்களும் இழுப்பார்கள். அவர் ஊர் சின்னப்பம்பட்டி நம் பக்கத்து மாவட்டம்தான், டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர் 2017-ல் ஐ.பி.எல்.லில் 3 கோடிக்கு ஏலம் போனார், 2020 கடைசியில் இந்தியாவுக்கே ஆடினார், பெருமைதான். அவரைக் கண்டுபிடித்துச் சென்னைக்குக் கூட்டிப்போய்க் கூடவே நின்ற ஜெயபிரகாஷ் என்கிற மனிதரைப் பற்றி மாமன்கள் பேசுவதே இல்லை. நடராஜனே அவரைச் சொல்லாமல் ஒரு பேட்டி கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஓடுகிற, தாவுகிற, பிடிக்கிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் ஜெயபிரகாஷ்களுக்குத்தான்.

சரி, எம்.பி.ஏ.வுக்கு வருவோம். 8 லட்சத்தோடு விடுதியும் சேர்த்தால் கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டிவிடும், தாண்டினால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும், அதாவது உங்கள் நிலத்துப் பட்டா. 8 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, 7 வருடம் என்று போட்டால் மாதத் தவணை 13,700 ரூபாய்க்குப் பக்கம் வரும். தக்காளி கிலோ 5 ரூபாய்க்கு விற்கிற மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். அந்தப் படிப்பு முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது விளம்பரதாரர் பிடிப்பது, டிக்கெட் விற்பது, நிகழ்ச்சி நடத்துவது போன்ற வேலைகள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசி ஆள் பிடிக்கத் தெரிந்தவர்கள் அதில் ஜொலிப்பார்கள். இந்தப் பையன் என் முன்னால் மாமன் இருந்தவரை மூன்று வார்த்தைகூடச் சேர்த்துப் பேசவில்லை. புத்தகத்தில் அணிகளின் படம் போட்டிருக்கிறது என்பதற்காக அந்த அணிகள் வேலை கொடுக்கும் என்று அர்த்தமில்லை. வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

போலீஸ், ராணுவம், ரயில்வே கோட்டா, உடற்கல்வி ஆசிரியருக்கான பி.பி.எட். படிப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும், ஊரில் பத்து பேர் சொல்லியிருப்பார்கள், அதைத் திரும்ப எழுதி நேரத்தை வீணாக்கவில்லை. ஒன்று மட்டும்: ரயில்வே விளையாட்டுக் கோட்டாவுக்கு 18 முதல் 25 வயதுதான், தளர்வு கிடையாது. ஆகவே முயற்சி செய்வதானால் இப்போதே, முழங்காலை மருத்துவரிடம் காட்டிவிட்டு.

மாமனை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பையனிடம் தனியாகப் பேசினேன். அவனுடைய சொந்த ரெய்டு பற்றி எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறானாம். லெஃப்ட் கார்னரில் நிற்கிற எட்டாம் வகுப்புப் பையன் கணுக்காலைப் பிடிக்கும்போது தலையைக் குனிந்துவிடுகிறான், கையை நீட்டும் முன்பே இடுப்பு பின்னால் போய்விடுகிறது, அதனால்தான் பிடி நழுவுகிறது என்று என் மேசையைச் சுற்றி நடந்து காட்டினான். பையில் ஒரு 40 பக்க நோட்டு வைத்திருந்தான், எதிரணியில் எவன் எந்தக் காலை வைத்து போனஸ் புள்ளி எடுக்கிறான், எத்தனையாவது நொடியில் திரும்புகிறான் என்று பேர் போட்டு எழுதியிருக்கிறான். இதைப் பெற்றவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் பார்த்தவுடன் என்.ஐ.எஸ். என்று சொன்னேன்.

பாட்டியாலாவில் பழைய மோதிபாக் அரண்மனையில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் அது, நேதாஜி சுபாஷ் பேரில் இருக்கிறது, இப்போது இந்திய விளையாட்டு ஆணையத்தின் கீழ். பயிற்சியாளர் டிப்ளமோ ஒரு வருடப் படிப்பு. பாட்டியாலா என்றதும் ரயிலில் இரண்டு நாள் போகவேண்டுமே என்று பயப்படவேண்டாம், பெங்களூரில் மைசூர் சாலைப் பக்கம் ஞானபாரதி வளாகத்திலேயே ஆணையத்தின் தெற்கு மையம் இருக்கிறது, அங்கும் டிப்ளமோ நடத்துகிறார்கள். எந்த விளையாட்டு எந்த மையத்தில் என்பது அந்தந்த வருட அறிவிப்பில் இருக்கும், பார்த்துத்தான் முடிவுசெய்யவேண்டும்.

அங்கே என்ன நடக்கும் என்று கேட்டான். காலையும் மாலையும் களம், நடுவில் வகுப்பு. உடற்கூறியல், உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், விளையாட்டு உளவியல், விளையாட்டு மருத்துவம், பயிற்சிக் கோட்பாடு. வருடம் முழுவதையும் போட்டி நாளிலிருந்து பின்னோக்கிப் பிரித்து, இந்த மாதம் பலம், அந்த மாதம் வேகம், போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சியின் பாரத்தைக் குறைப்பது என்று திட்டம் போடக் கற்றுக்கொடுப்பார்கள். சக மாணவர்களை நிறுத்தி வைத்து நீயே ஒரு வகுப்பு நடத்திக் காட்டவேண்டும், அதற்கும் மதிப்பெண். இப்போது அவன் நோட்டில் கண்மதிப்பாக எழுதுவதை அங்கே அளந்து எழுதுவான். தன் முழங்கால் ஏன் போனது என்பதும் அப்போது புரியும், அடுத்த பையனுடைய கால் தப்பிக்கும்.

சேர்வதற்குப் பட்டம் வேண்டும், ஆடிய சான்றிதழ் வேண்டும் (எந்த அளவு என்பது அறிவிப்பில் இருக்கும்), உடல்தகுதி, ஆட்டத்திறன் சோதனை, நேர்காணல் உண்டு. ஆங்கிலமோ இந்தியோ வேண்டியிருக்கும், தமிழ் வழியில் படித்தவனுக்கு முதல் இரண்டு மாதம் விழி பிதுங்கும், இப்போதிருந்தே எலும்பு, தசை பெயர்களை ஆங்கிலத்தில் படித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வருடம் ஒதுக்கத் தயக்கமாக இருந்தால் 6 வாரச் சான்றிதழ் படிப்பும் இருக்கிறது, அதில் போய்ப் பார்த்துவிட்டுப் பிடித்தால் டிப்ளமோவுக்குப் போகலாம். அரசு நிறுவனம் என்பதால் செலவு அந்த 8 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது.

முடித்தால் மறுநாளே அரசு வேலை என்று சொல்லமாட்டேன். விளையாட்டு ஆணையத்திலும் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திலும் நிரந்தரப் பயிற்சியாளர் பணியிடங்கள் எப்போதாவதுதான் வரும். ஆரம்பத்தில் ஒப்பந்தச் சம்பளம், ஓசூர், பெங்களூர் தனியார் பள்ளிகள், அகாடமிகள் என்றுதான் ஓடும், முதல் இரண்டு வருடம் மாமனின் கம்பெனிச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வீட்டில் சண்டை வரும். ஆனால் கடன் இல்லாமல் ஆரம்பிக்கிறான், பட்டா வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. பள்ளி ஆசிரியராகவும் போகவேண்டும் என்று தோன்றினால் பி.பி.எட். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். என்.ஐ.எஸ். மட்டும் வைத்துக்கொண்டு உடற்கல்வி ஆசிரியர் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை. இன்னும் ஒரு வருடம் ஆடட்டும் என்கிறீர்கள். மருத்துவர் சரி என்று சொன்னால், பையனுக்கே ஆசையிருந்தால், ஆடட்டும். ஊர் அணிக்கு ஆள் குறைகிறது என்பதற்காக வேண்டாம். ட்ரையலில் சேர்த்துவிடுகிறேன், 50 ஆயிரம் கொடு என்று ஒருவர் போன் செய்கிறார் என்று அப்பா சொன்னார். அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள், தேர்வுக்குப் பணம் கேட்கிறவன் திருடன்.

இப்போது செய்யவேண்டியது சான்றிதழ் வேலை. வீட்டில் அலமாரி நிறைய கோப்பை இருக்கிறதாம், நல்லது, எந்த வேலைக்கும் அதை எடுத்துக்கொண்டு போகமுடியாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பெரியார் பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்கு, மத்திய அரசு வேலைகளில் கேட்கும் ஃபார்ம் 3 மாதிரிப் படிவத்தில், பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கவேண்டும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. கல்லூரியை விட்டு வெளியே வந்துவிட்டால் இதற்காக அலையவிடுவார்கள், ஆகவே கடைசி செமஸ்டர் முடியும் முன்பே பி.டி. சாரைப் பிடித்து வாங்கிவிடுங்கள். பேர், இனிஷியல், பிறந்த தேதி பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று பாருங்கள். முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு அந்த ரிப்போர்ட்டோடு ஒருநாள் வாருங்கள், அறிவிப்பு வந்திருந்தால் விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம். மாமனும் வரட்டும், புத்தகம் மட்டும் வேண்டாம்.